பேச்சிப்பாறைக்கு வந்த கறுப்புப் பெட்டி

பேச்சிப்பாறையில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது அடங்கி வெயில் தலைகாட்டுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நிற்கும், ஷீட்டு காயாது, கரண்டு நினைத்தபோது போகும், அலமாரிக்குள் தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூக்கும். இந்த ஈரத்தில் நான் முன்பு வைத்திருந்த வேறொரு கம்பெனி லேப்டாப்புக்கு முதலில் கீல் விட்டது. பிறகு விசைகள் ஒட்டிக்கொண்டன. கடைசியில் பேட்டரி உப்பி அடிமூடியையே தள்ளிவிட்டது. அதை விட்டுவிட்டு, யாரோ பயன்படுத்திக் கழித்த திங்க்பேட் எக்ஸ்270 ஒன்றை வாங்கினேன். கறுப்பு நிறம், பன்னிரண்டரை அங்குலத் திரை, தோள்பையில் இருப்பதே தெரியாத எடை, விசைப்பலகையின் நடுவில் சிவப்பாக ஒரு குமிழ். நன்றாக உழைக்கிறது. ஏன் இப்படி உழைக்கிறது என்று தேடப் போனால், வழி மலையேறிக் கடல் கடந்து எங்கெங்கோ போகிறது.

முதல் நிறுத்தம் ஒரு பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படையை ஈரமும் பூசணமும் படாதபாடு படுத்தின. கூடாரத் துணி இற்றுப்போனது, கருவிகளுக்குள் பூஞ்சை படர்ந்தது. சாலமன் தீவுகளில் அப்படி அழுகிய கித்தான் துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். முதலில் அதற்கு ட்ரைக்கோடெர்மா விரிடி என்றுதான் பெயர் வைத்தார்கள். பிற்பாடுதான் அது தனி இனம் என்று தெரிந்து, எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசி ஆனது. நல்லமிளகுக் கொடிக்கு வாடல் வராமலிருக்கத் தூரில் ட்ரைக்கோடெர்மா போடும் நம்மூர் விவசாயிக்கு இது சொந்தக்காரப் பூஞ்சை. இன்று ஜீன்ஸ் துணியை வெளுக்க உதவும் நொதியையும் இதிலிருந்தே எடுக்கிறார்கள்.

போரில் பட்ட பாட்டை ராணுவம் மறக்கவில்லை. வெயில், மழை, தூசி, அதிர்ச்சி, உப்புக் காற்று ஆகியவற்றைக் கருவிகள் எப்படித் தாங்குகின்றன என்று சோதிக்க 1962-இல் ஒரு விதிநூல் வந்தது: மில்-எஸ்டிடி-810. அதில் பூஞ்சைக்கென்றே தனிச் சோதனை உண்டு. பூஞ்சை வித்துகளைத் தூவி, ஈரமான அறையில் குறைந்தது 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். இன்று லேப்டாப் விளம்பரங்களில் ‘ராணுவத் தரம்’ என்று வருவது இந்த நூலை வைத்துத்தான். வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எத்தனை சோதனை, எவையெவை என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

அடுத்த நிறுத்தம் ஒரு கனவு. சுமந்து செல்லும் கணினியைக் கனவு கண்டவர் ஆலன் கே. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் 1972-இல் எழுதிய கட்டுரையில் வரும் ‘டைனாபுக்’ இரண்டு கிலோவுக்குள் எடை, புத்தகம்போல வடிவம். அதை அவர் குழந்தைகளுக்காக நினைத்தார். ஆனால் பத்தாண்டு கழித்துச் சந்தைக்கு வந்தது குழந்தைகள் கைக்கு எட்டாத சரக்கு. 1982-இல் கிரிட் காம்பஸ்: ஜான் எலன்பியின் கம்பெனி, பில் மாக்ரிட்ஜின் வடிவமைப்பு, விலை 8,150 டாலர். கைப்பெட்டியில் பாதி இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று எலன்பி விதித்த நிபந்தனையால்தான் திரை விசைப்பலகை மேல் மடங்கி மூடுகிற வடிவம் பிறந்தது. உடம்பு மெக்னீசியக் கலவை. அலுமினியத்தைவிட இலேசு, பிளாஸ்டிக்கைவிட உறுதி. பேட்டரி மட்டும் இல்லை! சுவரில் சொருகினால்தான் ஓடும். இந்தப் பெட்டி 1983 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தில் ஏறி பூமியைச் சுற்றியது.

பேட்டரிக்கு வழி ஜப்பானில் கிடைத்தது. அதே 1982-இல் விற்பனைக்கு வந்த எப்சன் எச்எக்ஸ்-20, ஏ4 தாள் அளவு, 1.6 கிலோ. திரையில் நான்கே வரிதான் தெரியும் என்றாலும் சுவரில் சொருகாமலே மணிக்கணக்கில் ஓடியது. பிறகு டோஷிபா. தலைமையகம் அக்கறை காட்டாத ஒரு திட்டத்தை அட்சுதோஷி நிஷிதா என்ற அதிகாரி பிடிவாதமாக முடித்து, 1985-இல் ஐரோப்பாவில் டி1100 என்று விற்றுக் காட்டினார். அதிலிருந்துதான் லேப்டாப் ஒரு தொழிலானது.

1992 அக்டோபரில் திங்க்பேட் 700சி வந்தது. அமெரிக்காவின் ஐபிஎம், ஜப்பானில் யமாடோ ஆய்வுக்கூடம், மிலானில் குடியிருந்த ஜெர்மன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் என்று மூன்று கண்டத்துக் கை அதில் பட்டிருக்கிறது. சாப்பர் மனத்தில் இருந்தது ஜப்பானியரின் கறுப்பு அரக்குப் பூசிய பென்டோ சாப்பாட்டுப் பெட்டி. வெளியே எந்தப் பகட்டும் இல்லை. திறந்தால்தான் உள்ளிருப்பது தெரியும். பெயர், ஐபிஎம் ஊழியர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த, மேலே ‘திங்க்’ என்று பொறித்த தோலட்டைக் குறிப்பேட்டிலிருந்து வந்தது. விசைகளுக்கு நடுவே இருக்கும் குமிழ், விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்காமலே சுட்டியை நகர்த்த டெட் செல்கர் கண்டது. அதற்குச் சிவப்பு நிறம் கேட்டபோது கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு மறுத்தது. சிவப்பு என்றால் அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும்தானாம். வடிவமைப்பாளர்கள் அதை ‘மெஜன்டா’ என்று எழுதி அனுமதி வாங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க விட்டார்கள். டோஷிபாவும் டெல்லும் எச்பியும் அந்தக் குமிழைத் தங்கள் பெட்டிகளில் வைத்துக்கொண்டன.

இலேசும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகை. தகடு மெலிந்தால் வளையும், வளைந்தால் திரை உடையும். இதற்கு நல்ல விடை தந்தது டோக்கியோவின் ரயில் நெரிசல் என்று நான் நினைக்கிறேன். பானாசோனிக் 2002 முதல் விற்ற ‘லெட்ஸ் நோட்’ ஆர் வரிசை ஒரு கிலோவுக்கும் குறைவு. காலை ரயிலில் பைக்குள் நசுங்குவதைக் கணக்கில் எடுத்து, பிற்பாடு இந்தக் குடும்பத்துப் பெட்டிகளை 100 கிலோ அழுத்தத்தில் சோதித்தார்கள். மூடியைக் கார் பானட்போல மேடும் பள்ளமுமாக வார்த்தார்கள். அதே எடையில் அதிக விறைப்பு. பார்க்க அழகில்லை என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது அழகாகவே படுகிறது. குலசேகரம் பேருந்தில் பள்ளிக்கூட நேரத்தில் ஏறியவர்களுக்கு அந்த மேடுகளின் அருமை தெரியும்.

2005-இல் ஐபிஎம் தன் கணினிப் பிரிவையே விற்றது. வாங்கியது, 1984-இல் பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சிலர் தொடங்கிய லெனோவோ. புதுச்சேரியில் ஐபிஎம் நடத்திய கணினி ஆலையும் கூடவே கைமாறியது. மூன்றாண்டு கழித்து ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார். 2011-இல் இன்டெல், ‘அல்ட்ராபுக்’ என்று பெயர் சூட்டி எல்லாக் கம்பெனிகளையும் அந்தப் பாதையில் தள்ளியது. பலரும் பார்த்து எழுதியது மெலிவை மட்டும்தான். அந்த மெலிவுக்காகக் கழற்றும் பேட்டரி போயிற்று, நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, ரிப்பேர் கடைக்காரர் கை கட்டப்பட்டது.

அதே 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கிய அந்தப் பெட்டிகள் இலேசானவை இல்லை. ஆனாலும் ஆலன் கே குழந்தைகளுக்கு என்று எழுதியது, நாற்பதாண்டு கழித்து இந்த மலையடிவாரத்துப் பள்ளிகளிலும் மாணவர் கைக்கு வந்துவிட்டது. ரப்பர் பாலிலிருந்து ஷீட்டு அடித்து வளர்ந்த வீடுகளில் முதல் கணினி அதுதான்.

நல்ல இலேசுப் பெட்டி நமக்கு வந்த வழி வேறு. அதைக் கம்பெனிகள் அதிகாரிகளுக்காக மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று நான்கு ஆண்டில் திருப்பிவிடுகின்றன. அந்தப் பெட்டிகள் லாட் லாட்டாக ஏலத்தில் போய், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் இறங்குகின்றன. அங்கே கையில் தொழில் இருப்பவர்கள் தூசி தட்டி, எஸ்எஸ்டி மாற்றி, சூடு கடத்தும் பேஸ்ட் புதிதாகப் பூசி, ஏ கிரேடு, பி கிரேடு என்று பிரிக்கிறார்கள். என் பெட்டியின் மூடியில் ஒரு கம்பெனியின் சொத்து ஸ்டிக்கரை உரித்த தடம் இருக்கிறது. பார்கோடின் கடைசிக் கோடுகள் இன்னும் போகவில்லை. எந்த ஐடி பூங்காவில் யார் மேசையில் இருந்ததோ.

2017-இல் வந்த எக்ஸ்270-இல் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, ஒன்று பின்பக்கம் கழற்றக்கூடியது. கரண்டு போன இரவில் பின்பேட்டரி தீர்ந்ததும், இரண்டு தாழ்ப்பாளையும் விலக்கி அதை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகுகிறேன். உள்பேட்டரி தாங்கிக்கொள்வதால் திரை அணைவதே இல்லை, எழுதிய வரி அப்படியே நிற்கிறது. விமானத்தில் பறக்கும் அதிகாரிக்காக யோசித்த ஏற்பாடு, கோதையாற்றில் நீர்மின் நிலையத்தை வைத்துக்கொண்டும் கரண்டுக்குக் காத்திருக்கும் எங்கள் ஊருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

இப்போது சந்தையில் இன்னொரு திருப்பம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப் உள்ள பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11-ஐ அது முறைப்படி அனுமதிப்பதில்லை. எக்ஸ்270-இன் சிப் ஆறாம், ஏழாம் தலைமுறை. ஆகவே உடம்பில் ஒரு குறையும் இல்லாத இந்த வயதுப் பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடும். இங்கே அது புதுச் சரக்கும் இல்லை: விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் வந்தது. இது சென்னை சி-டாக் உருவாக்கியது. என்னுடையதில் லினக்ஸ்தான், தட்டுவது தமிழ்99 விசையமைப்பில். தெரிந்த பிள்ளைகள் கேட்டால், புதிதாக வாங்கும் பாதிக் காசுக்கு இதைத் தேடுங்கள், கீலையும் பேட்டரியையும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.