குமிழும் கண்ணாடியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் கண்ணுக்குத் துணை கரிசல் மண்ணும் சீமைக்கருவேலும்தான். காதுக்காவது துணை இருக்கட்டும் என்று கார்க்காரர்கள் கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை பொருத்திக்கொள்கிறார்கள்.

ரேடியோ காரில் ஏறியதே பெரும்பாடு. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர், அட்லாண்டிக் சிட்டி மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே தம் காரை நிறுத்தி ரேடியோவைப் பாடவிட்டார். அவர் இட்ட பெயர்தான் 'மோட்டரோலா'. அன்றைய வால்வுகளோ மின்சாரப் பசி கொண்டவை. காரின் பாட்டரி போதாமல் தனி பாட்டரிகளையும் சுமக்க நேர்ந்தது. 1955-இல் கிரைஸ்லர் கார்களில் டிரான்ஸிஸ்டர் வந்ததும் அந்தப் பசி தணிந்தது. நம் நாட்டிலோ ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கவேண்டும். 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் காரில் எப்படிப் பொருந்துகிறது? ஜெர்மானியர் வகுத்த அளவு அது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். தொடுதிரைக்கு உயரம் இருமடங்கு.

தொடுதிரையும் புதுசல்ல. 1986-இலேயே ப்யூக் ரிவியேரா காரில் வந்தது. சில ஆண்டுகளில் கம்பெனியே அதைக் கைவிட்டது. காரணம் எளிது. குமிழை இருட்டிலும் விரல் கண்டுகொள்ளும். மேடு பள்ளமில்லாத கண்ணாடிக்குக் கண்ணையும் கொடுக்கவேண்டும். அந்தி நேரத்தில் ஆட்டுமந்தை குறுக்கிடும் சாலையில் கண்ணை எங்கே வைப்பது? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் இடுகிறவர்கள், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி விசை இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது என்று 2026 முதல் விதித்துவிட்டார்கள்.