நாடு கடந்த தமிழீழ அரசவை

நாடு கடந்த தமிழீழ அரசவை என்பது பல நாடுகளில் வாழும் புலம்பெயர் ஈழத் தமிழர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம். நாடு கடந்த தமிழீழ அரசாங்கம் என்னும் அமைப்பின் அவையாக 2010 முதல் இயங்குகிறது. இதற்கு ஆட்சி நிலம் இல்லை. எந்த நாடும் இதை அரசாக ஏற்கவில்லை.

பின்னணி

1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தமிழீழம் என்ற தனிநாட்டைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977 தேர்தலில் 18 இடங்களை வென்று இலங்கை நாடாளுமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியானது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் பிரிவினை ஆதரவைத் தடைசெய்தது. அது கோரிய உறுதிமொழியை எடுக்க மறுத்த கூட்டணியினர் பதவியிழந்தனர். அதன்பின் அக்கோரிக்கையைச் சட்டப்படி எழுப்ப வெளிநாடுகளே எஞ்சின. 2009 மேயில், தமிழீழத்துக்காக ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகளின் தோல்வியுடன் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தது. புலிகளின் பன்னாட்டுத் தொடர்புப் பொறுப்பாளர் செல்வராசா பத்மநாதன் ஜூனில் இவ்வரசாங்கத் திட்டத்தை அறிவித்தார். நியூயார்க் வழக்கறிஞர் விசுவநாதன் உருத்திரகுமாரன் ஒருங்கிணைப்பாளரானார்.

அமைப்பு

முதல் தேர்தல் 2010 மேயில் நடந்தது. நாடுவாரியாக இடங்கள் பகிரப்பட்டன. மொத்தம் 135 இடங்களில் 115 நேரடித் தேர்தலுக்கும் 20 நியமனத்துக்கும் உரியவை. முதல் அமர்வு மே 17 முதல் 19 வரை பிலடெல்பியாவில் கூடியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நியூயார்க் அமர்வு யாப்பை ஏற்றது, உருத்திரகுமாரன் பிரதமரானார். அடுத்த தேர்தல் 2013இல் நடைபெற்றது.

அதிகாரம்

பல நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கும் மற்றொரு மன்றத்துடன் அரசவையை ஒப்பிடலாம். 1979 முதல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பு நாடுகளின் ஒப்பந்தங்களே அதிகாரம் தருகின்றன. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் பேரவையுடன் சேர்ந்து சட்டம் இயற்றவும், வரவுசெலவுத் திட்டத்தை ஏற்கவோ மறுக்கவோ, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஐரோப்பிய ஆணையத்தையே விலக்கவும் அதனால் முடியும். அரசவைக்குப் பின்னால் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. வரி விதிக்க இயலாது. அதன் தீர்மானம் வாக்காளரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பிரதமரைத் தேர்வதும் யாப்பைத் திருத்துவதும் அமைப்புக்குள் மட்டும் செல்லும். வெளியே அதன் பணி பரப்புரைதான்: ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் முறையிடுவது, போர்க்குற்றங்களுக்குப் பன்னாட்டு விசாரணையும் தமிழீழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பும் கோருவது.

எதிர்ப்பும் எல்லையும்

புலிகளின் தொடர்ச்சி என்று குற்றஞ்சாட்டி இலங்கை அரசு 2014இல் இவ்வமைப்பைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தன் வழி அறவழியே என்கிறது அமைப்பு. ஆயினும் தாயகத் தமிழருக்கு இத்தேர்தலில் வாக்கில்லை. அவர்கள் 2010 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வு கேட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 14 இடங்களைத் தந்தனர். ஒரு மாத இடைவெளியில் இரு தமிழ் வாக்காளர் தொகுதிகள் இருவேறு ஆணைகளை வழங்கின. புலம்பெயர்ந்தோர் தந்த ஆணையை நிறைவேற்றும் கருவி எதுவும் அரசவையிடம் இல்லை.