ஆசிரமத் தரையில் அமர்வோர் யார்? அமலோர்பவதாசின் மைசூர் ஆண்டுகளும் வளர்ந்தோர் மறைக்கல்வியும்

தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி பெரும்பாலும் சிறுவர் காரியமாகவே நடக்கிறது. புதுநன்மை, உறுதிபூசுதல் வரை ஞாயிறுதோறும் வகுப்பு உண்டு. அதன்பின் ஆண்டுக்கொரு தபசுகாலத் தியானம், திருமணத்துக்கு முன் ஒரு தயாரிப்பு முகாம், அவ்வளவுதான். வளர்ந்தோருக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் தலையாய வடிவம் என்று 1971இல் உரோமை வெளியிட்ட பொது மறைக்கல்வி வழிகாட்டி சொன்னது. 1979இல் இரண்டாம் யோவான் பவுலும் அதையே வலியுறுத்தினார். அரை நூற்றாண்டு போன பிறகும் அந்த வாக்கியம் பெரும்பாலும் ஏட்டிலேயே இருக்கிறது. அதைச் செயலில் காட்ட இந்தியாவில் நடந்த முயற்சிகளில் மிகத் துணிச்சலானது மைசூரில் நடந்தது. நடத்தியவர் ஒரு தமிழர். விரிவுரை, திருக்கலை, ஞான ஒடுக்கம் ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சியாக இணைத்த அவருடைய முறை சரியானது. ஆனால் அம்முறைக்குரிய சைகைகளையும் உருவங்களையும் அவர் எடுத்த ஊற்று குறுகலானது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால், ஊற்றை மாற்ற வேண்டிய இடத்தில் பலர் முறையையே குறை சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டி.எஸ். அமலோர்பவதாஸ் 1932இல் புதுவை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கல்லேரியில் பிறந்தவர்; பின்னாளில் கர்தினாலான சைமன் லூர்துசாமியின் தம்பி. பாரிசில் மேற்படிப்பு முடித்தவர். 1960களின் பிற்பாதியில் இந்திய ஆயர் பேரவை பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் நிறுவன இயக்குநரானார். அந்தப் பெயரிலேயே அவருடைய நிலைப்பாடு தெரிகிறது. பிற நாடுகளில் விவிலியத்துக்கு ஒரு அலுவலகம், மறைக்கல்விக்கு ஒன்று, வழிபாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே இயங்கியதை அவர் ஒரே கூரையின்கீழ் வைத்தார். கேட்டறிந்ததும் கும்பிட்டுப் பழகியதும் வேறுவேறாகக் கிடக்கும் ஒருவரிடம் நம்பிக்கை முதிர்வதில்லை என்பதே அதன் அடிப்படை.

அந்த எண்ணம் உடம்பில் இறங்கிய ஆண்டு 1969. அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இந்திய வழிபாட்டுக்கு உரோமை ஒப்புதல் தந்த பன்னிரண்டு தழுவல்கள், காகிதத்தில் பார்த்தால் சின்னச் சின்ன மாற்றங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமரலாம். முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம். மனத்துயர்ச் சடங்கில் பஞ்சாங்க வணக்கம் செய்யலாம். திருப்பொருள்களை முத்தமிடாமல், விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் எண்ணெய் விளக்கு, திருமேனித் துகில் விரித்த இடத்தில் தாம்பாளம், குருவின் தோளில் அங்கவஸ்திரம், நற்கருணை மன்றாட்டின் நிறைவில் மலரும் தூபமும் தீபமும் கொண்ட ஆரத்தி. ஒன்றுகூடக் கொள்கை பற்றியது இல்லை. பெரும்பாலானவை கையும் காலும் கண்ணும் செய்ய வேண்டியவை. வளர்ந்தவர்களின் மனத்தில் பழைய மறைக்கல்வி நூலான சின்னக் குறிப்பிடத்தின் கேள்வி பதில்கள் ஏற்கெனவே இறுகிக் கிடந்தன. அவற்றின்மேல் இன்னும் ஒரு விளக்கவுரையை அடுக்குவதால் பயனில்லை, உடம்பின் பழக்கத்தில் தொடங்கினால்தான் உள்ளே எதுவும் அசையும் என்ற ஆழமான கற்பித்தல் பார்வை இதில் இருக்கிறது. வழிபாட்டுச் சீர்திருத்தமாக மட்டுமே இதைப் படித்தவர்கள் அந்தப் பார்வையைத் தவறவிட்டார்கள்.

பெங்களூர் மையத்தின் ஆலயம் அதே பார்வையின் கட்டட வடிவம். ஓவியர் ஜோதி சாஹியின் கைவண்ணம் அதில் இருக்கிறது. கோபுரக் கலசமும் நடராசர் உருவை ஒத்த சாளரமும் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. அமலோர்பவதாசுக்கோ அந்த ஆலயமே ஒரு பாடமாக இருந்தது. உள்ளே நுழைகிறவர் எங்கே நிற்கிறார், எதை நோக்கித் திரும்புகிறார், எந்த இடத்தில் குனிகிறார் என்பதெல்லாம் பாடத்தின் பகுதிகள்.

இதே முறை மைசூரில் முழுமை பெற்றது. 1981இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவத் துறைக்கு அவர் முதல் தலைவரானார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிறித்தவத்துக்கென ஒரு துறை அன்று புதுமை. மறைமாவட்ட மேடையில் பேசுகிறவர், எதிரே இருப்போர் நம்புகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசலாம். பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்து வகுப்பில் அப்படிப் பேச முடியாது. அங்கே எந்தச் சமயத்தவரும் மாணவராகலாம். கேள்விக்கு வரம்பு கிடையாது. சான்று காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கை உருவாக்கத்துக்கு இது இடைஞ்சல் என்று கருதுவோர் உண்டு. என் கணிப்பு நேர்மாறானது. பொது அறிவின் முன் நின்று விடை சொல்லிப் பழகாத நம்பிக்கை, வயது ஏற ஏற ஒன்று முரட்டுத்தனமாகிறது, இல்லையேல் வாயடைத்துப் போகிறது. தமிழ்ப் பங்குகளில் இரண்டையும் பார்க்கிறோம்.

விரிவுரை பல்கலைக்கழகத்தில் நடக்க, ஒடுக்கம் சாமுண்டி மலையடிவாரத்தில் நடந்தது. 1979இல் அவர் தொடங்கிய அஞ்சலி ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. 1982இல் பெங்களூர் மையப் பொறுப்பிலிருந்து விலகி முழுமையாக மைசூருக்கு வந்துவிட்டார்; சுவாமி அமலோரானந்தா என்ற பெயரையும் ஏற்றார். கிறித்தவ ஆசிரமம் அப்போது புதிதல்ல. 1921இலேயே சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரெஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, பின்னர் திராவிடக் கட்டடப் பாணியில் ஆலயமும் எழுப்பினார்கள். 1950இல் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் பிறந்தது. ஆனால் அவ்விரண்டும் முதன்மையாகத் துறவிகளின் இல்லங்கள். அஞ்சலி ஆசிரமத்தை அமலோர்பவதாஸ் ஒரு பயிற்சிக்கூடமாகவே எண்ணினார். குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் சில நாள்கள் தங்கி, ஒரே தரையில் அமர்ந்து, அதிகாலைத் தியானம் முதல் இரவு வழிபாடு வரை ஒரே தாளத்தில் வாழ்ந்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பும் இடம் அது.

மைசூர் நகரிலேயே நிற்கும் இன்னொரு திருக்கலைப் பள்ளியோடு இதை ஒப்பிட வேண்டும். புனித பிலோமினா பேராலயத்துக்கு 1933இல் அடிக்கல் நாட்டியவர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார். புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்றுத் தந்தவர் அரண்மனைச் செயலர் தம்பு செட்டி. கொலோன் பேராலயத்தை நினைவூட்டும் 175 அடி இரட்டைக் கோபுரம், பிறப்பு, இராவுணவு, சிலுவைச் சாவு, உயிர்ப்பு, விண்ணேற்றம் என வரிசையாக வண்ணக் கண்ணாடிகள். ஐரோப்பிய மரபில் இது முதிர்ந்த கற்பித்தல் முறைதான். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளும் இதே வழியில் செல்கின்றன: காட்சியை மனக்கண்ணில் நிறுத்து, இடத்தைப் பார், பேச்சைக் கேள், பிறகு உன்னை அதில் வை. அஞ்சலி ஆசிரமத்தின் வழி வேறு. மனத்தில் காட்சியை நிரப்பாமல் காலியாக்குவது. மூச்சையும் மௌனத்தையும் பயிற்றுவது. விவிலியச் சொல்லை அந்த மௌனத்துக்குள் விழவிடுவது.

பேராலயத்தில் கண்ணாடிகளைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது பீடத்துக்குக் கீழே இருக்கும் நிலவறை. குறுகிய வழியில் இறங்கி, பிலோமினாவின் உருவத்தின் முன் நின்று, மறுபக்கம் ஏறி வருகிறார்கள் மக்கள். எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். 1961இல் உரோமை பிலோமினாவின் விழாவை நாள்காட்டியிலிருந்து நீக்கியது. ஆனால் இறங்கி ஏறும் வரிசை நிற்கவில்லை. ஆசிரமம் மிகுந்த சிந்தனையோடு கட்டியமைத்த உடம்புவழிப் பக்தி, கோதிக் கோபுரத்தின் அடியில் யாரும் திட்டமிடாமலேயே நடந்துகொண்டிருந்தது. தம் ஊரிலேயே இருந்த இந்தச் சான்று அமலோர்பவதாசின் சிந்தனையில் உரிய இடத்தைப் பெறவில்லை என்றே கருதுகிறேன். வெகுமக்கள் பக்தியை அவர் தூய்மைப்படுத்த வேண்டியதாகப் பார்த்த அளவுக்கு, கற்றுக்கொள்ள வேண்டியதாகப் பார்க்கவில்லை.

அவர்மீது வந்த எதிர்ப்புகளில் உரக்க ஒலித்தது பழமைவாதிகளுடையது: திருச்சபையை இந்துமயமாக்குகிறார் என்பது. விக்டர் குழந்தை போன்றவர்கள் அதைப் புத்தகமாகவே எழுதினார்கள். 1975இல் உரோமையும், ஒப்புதல் பெறாத இந்திய நற்கருணை மன்றாட்டையும் திருப்பலியில் பிறசமய நூல் வாசகங்களையும் நிறுத்தச் சொன்னது. இந்த எதிர்ப்பில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. நொபிலியும் வீரமாமுனிவரும் பெற்ற அதே வசைதான் இது. கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவின் கோலத்தை இன்று யாரும் குறை சொல்வதில்லை.

கனமான கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1981இல், அமலோர்பவதாஸ் மைசூரில் பதவியேற்ற அதே ஆண்டில், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் தன் தொடக்கத்தைக் கணக்கிடுகிறது. இந்திய மரபு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது யாருடைய மரபு என்பது அதன் கேள்வி. உபநிடத வாசகம், சமஸ்கிருத மந்திரம், காவி, குரு சீடர் உறவு: இவையெல்லாம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பங்குக் கோவில்களை நிறைக்கும் தலித் கத்தோலிக்கரின் முன்னோருக்கு மறுக்கப்பட்டவை.

இந்தக் கேள்வியை நூல்களோடு நிறுத்திவிடாமல் ஆசிரமத்துத் தரைக்கே கொண்டுவர வேண்டும். காலணியைக் கழற்று என்பது பன்னிரண்டு தழுவல்களில் முதலாவது. நாற்காலியில் அமர்ந்து, காலணியோடு நடந்து வளர்ந்தவருக்கு அது பணிவின் பயிற்சி. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவரின் பேரனுக்கு அந்தச் சைகை வேறு ஒன்றைச் சொல்கிறது. தரையும் அப்படித்தான். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துச் சுவர் வைத்துக் கட்டிய கோவிலை நாம் மறந்துவிட முடியாது. அந்தச் சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிந்தது. அப்படிப்பட்ட வரலாற்றில், மற்றவர்களோடு சரிசமமாகப் பெஞ்சில் உட்கார்ந்ததே பலருக்கு ஞானஸ்நானம் தந்த முதல் மரியாதை. எழுந்து தரைக்கு வா என்று அவரை அழைக்கும்போது எதை விடச் சொல்கிறோம் என்று அழைப்பவர் அறிந்திருக்க வேண்டும். ஆசிரமத்தில் குருவும் ஆயரும் அதே தரையில்தான் அமர்ந்தார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள் என்பது உண்மை. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் மேலிருப்பவர் இறங்கி வருவதும், இறக்கப்பட்டவர் மறுபடி உட்காருவதும் ஒரே பயிற்சி ஆகாது.

மௌனத்துக்கும் இதே விசாரணை உண்டு. தமிழ்க் கத்தோலிக்க மரபில் வளர்ந்தோரை உருவாக்கிய பெரிய வடிவம் புலம்பல். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கடற்கரைப் பெண் ஒருத்தி கிறிஸ்துவின் பாடுகளைக் கற்றது அந்தக் குரலிலும் பாஸ்கா நாடகத்திலும்தான். கற்றபோது தன் வீட்டுச் சாவுகளையும் சேர்த்தே அழுதாள். அழுகைக்கு இடம் வைக்காத ஒடுக்கத்தில் அவளுக்கு இருப்பிடம் இல்லை. 1990களில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூட்டம் கூட்டமாக எங்கே போனார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். கேரளத்தின் முரிங்கூர் தியான மையத்துக்கு, தமிழிலும் கன்னடத்திலும் நடந்த வாராந்தரத் தியானங்களுக்குப் போனார்கள். அங்கே பாட்டு இருந்தது, கண்ணீர் இருந்தது, சாட்சி சொல்ல ஒலிபெருக்கி இருந்தது. அந்த வகைத் தியானத்தின் இறையியல் பல இடங்களில் மெலிவானது. நோய்க்கும் பாவத்துக்கும் அது போடும் முடிச்சு எனக்கு ஏற்புடையதும் அல்ல. ஆயினும் வந்தவர்களின் தொண்டையில் இருந்ததை அது வெளியே வரவிட்டது.

இதிலிருந்து அமலோர்பவதாசின் முறை தோற்றது என்று முடிவு கட்டுவது தவறு. அவர் சொன்னபடி உடம்பிலும் உருவத்திலும் தொடங்கியவர்கள்தான் பின்னர் வேறு ஊற்றுகளைக் கண்டார்கள். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். சாவுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்ட பறைக்கு வழிபாட்டில் இடம் கேட்டவர்கள் தலித் கிறித்தவர்கள். இன்னும் அழுத்தமான சான்று ஜோதி சாஹியிடமே இருக்கிறது. பெங்களூர் ஆலயத்தின் ஓவியரான அவர் பிற்காலத்தில் தலித் மாதா என்ற ஓவியத்தைத் தீட்டினார். அதில் மரியாளின் உடல் ஆட்டுக்கல்லாக வளைந்திருக்கிறது. நடுக்குழியில், குழவி நிற்கும் இடத்தில், குழந்தை. கைகளும் மடியும் கல்லின் வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கலசத்திலிருந்து ஆட்டுக்கல்லுக்கு அவர் வந்த தூரம் ஓர் ஓவியரின் தனிப்பட்ட வளர்ச்சி மட்டுமல்ல. மாவரைத்துத் தோள் இற்றுப்போன பெண்ணுக்கு இந்தப் படத்தை விளக்க விரிவுரை வேண்டாம். ஆனால் அதைப் பார்த்தபின் அவள் கேட்கும் கேள்விகளுக்கு நல்ல விரிவுரையாளர் வேண்டும்.

1990 மே மாதம் சாலை விபத்தில் இறந்தபோது அமலோர்பவதாசுக்கு வயது 57. தலித் இறையியலோடு நேர்நின்று உரையாட அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அந்த உரையாடலை இன்று நடத்த வேண்டியவர்கள் ஒடுக்கம் நடத்துவோரும் வளர்ந்தோர் வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் எழுதும் மறைமாவட்டப் பணிக்குழுக்களும்தான். வருவோரை முதல் நாள் எங்கே அமர வைப்பது, எந்தப் படத்தின் முன் நிறுத்துவது, எந்தக் குரலில் செபிக்கச் சொல்வது ஆகிய மூன்றையும் தீர்மானிக்கும் இடத்தில் உபதேசியார்களும் அன்பியத் தலைவிகளும் குருக்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். அவர்கள் வீட்டுச் சாவிலும் அறுவடையிலும் பிள்ளைப்பேற்றிலும் இன்றும் செய்யும் வணக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்வதே பாடத்திட்டத்தின் முதல் வேலை. விரிவுரைத் தலைப்புகளை அதன்பிறகு முடிவு செய்யலாம்.