செயற்கை இழைகளில் சாயமேற்றல்: மீன்வலை நூல்கள்

தூத்துக்குடிக் கடலோரத்தில் நைலான் செவுள்வலையும் விசைப்படகுகளின் பாலிஎதிலீன் இழுவலையும் அருகருகே கிடந்தாலும், அவை நிறம் பெறும் வழி ஒன்றல்ல; காரணம் இழையின் உள்ளமைப்பு. நைலான் சங்கிலியின் முனைகளிலுள்ள அமீன் தொகுதிகள் அமிலக் குளியலில் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தைப் பற்றிக்கொள்கின்றன. பாலிஎதிலீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் சாயத்துக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே பிசினை உருக்கும்போதே நிறமியைக் கலந்து நூலாக இழுக்கிறார்கள்.

மின்னேற்ற முனைகள் அதிகமில்லாத பாலியெஸ்டர் மட்டும் எப்படிச் சாயமேற்கிறது என்று கேட்கலாம். அதன் எஸ்டர் தொகுதிகளும் பென்சீன் வளையங்களும் சிதறல் சாயத்தை ஈர்க்கின்றன. அழுத்தக் கலனில் ஏறத்தாழ 130° செல்சியஸ் வெப்பம் இறுகிய சங்கிலிகளைத் தளர்த்தி வழிவிடுகிறது. அந்த வெப்பத்தில் பாலிஎதிலீன் உருகத் தொடங்கிவிடும். ஆக, எந்த நூலுக்கு எந்தச் சாயமுறை என்பதை முடிவுசெய்வது மூலக்கூறின் அமைப்புதான்.