சீனியை விட்டபின் எதைச் சாப்பிடுவது?

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சீனி கிடைக்காது. பனங்கட்டியைக் கடித்தபடி தேநீர் குடித்தோம். அந்த ஏக்கமோ என்னவோ, பிறகு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டேன். நீரிழிவு வந்தபின்தான் விட்டேன்.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு நான்கு தேநீரிலேயே 48 கிராம்.

பனங்கட்டியும் தேனும் மாற்றாகா, அவையும் சீனியே.

இப்போது காலையில் பாணுக்குப் பதில் அளவான குரக்கன் புட்டு, அவித்த கடலை. மதியம் சிவப்பரிசிச் சோற்றைக் குறைத்து, முருங்கையிலை வறையும் மீனும் கூட்டினேன். மாலையில் பிஸ்கற் இல்லை, கொய்யாப்பழம்.

இன்சுலின் போடுவோர் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றுங்கள். வியர்த்து நடுங்கினால், அந்த நேரத்தில் சீனிதான் மருந்து.