மதுரா ஆலைப் புகையும் ஆக்ராவின் பளிங்கும்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் டில்லித் தமிழர்களாகிய நமக்கு ஆக்ரா பயணம் தப்பாது. மதுராவைத் தாண்டும்போது உயரமான குழாயின் உச்சியில் எரியும் தீயைக் காட்டி, "அது என்ன தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்கும். "எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை" என்று சொல்லிவிட்டு உடனே தாஜ்மகால் பேச்சுக்குப் போய்விடுவோம். உண்மையில் இரண்டும் ஒரே கதைதான்.

கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கிறது. ஆலையின் உலைகளில் எரியும்போது அது கந்தக டை ஆக்சைடு வாயுவாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறும். பளிங்கோ சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து பக்குவப்பட்ட வடிவம். அமிலம் பட்டால் அதன் மேல்தோல் ஜிப்சமாகி உதிரத் தொடங்கும். மக்ரானாவிலிருந்து ஷாஜகான் வரவழைத்த உயர்ந்த கல்லுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கில்லை.

1970களில் மதுராவில் ஆலை அமைக்க அரசு முடிவெடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆலைக்கும் தாஜ்மகாலுக்கும் சுமார் 40 கி.மீ. தூரம்தான். ஆண்டின் பெரும்பகுதி வடமேற்குக் காற்று. மதுராவோ ஆக்ராவுக்கு வடமேற்கே. அதனால் 1974இல் டாக்டர் எஸ். வரதராஜன் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. ஆலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஆக்ராவின் காற்றை அளந்து பார்த்தார்கள். இதுதான் அந்தக் குழுவின் பெருமை.

1978இல் வெளியான அறிக்கை பலரைத் திகைக்க வைத்தது. ஆலை வருமுன்னரே ஆக்ராக் காற்றில் கந்தக வாயு கணிசமாக இருந்தது. இரண்டு நிலக்கரி மின்நிலையங்கள், ரயில்வே ஷண்டிங் யார்டு, சுமார் 250 சிறு வார்ப்பாலைகள் ஆகியவற்றின் புகைதான் அது. பழி முழுவதும் வரப்போகிற ஆலை மேல் என்று நினைத்தவர்களுக்கு, குற்றத்தில் பாதி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது.

1982இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1984இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 30இல் தீர்ப்பு வந்தது. தாஜ்மகாலைச் சுற்றிய 10,400 சதுர கி.மீ. பகுதியில் 292 தொழிற்கூடங்கள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும்; முடியாதவை இடம்பெயர வேண்டும். தொழிலாளர் உரிமைகளையும் நீதிமன்றம் வரையறுத்தது.

இரும்புச் சாமான் வியாபாரியான நான் அப்போது ஆக்ராவில் சரக்கு எடுப்பது வழக்கம். நான் வாங்கிவந்த சிறு வார்ப்பாலைக்காரர் ஒருவர், "சேட், கல்லு வெளுக்க எங்க அடுப்பு அணையணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எரிவாயு இணைப்பு, புது உலை என்று செலவைக் கூட்டிப் பார்த்தவர், கடைசியில் பட்டறையைப் பூட்டினார்.

பெரிய ஆலையால் மாற முடிந்தது. டீசலிலிருந்து கந்தகம் நீக்கும் பிரிவு 1990களின் இறுதியில் வந்தது. வாயுவிலிருந்து பிரித்தெடுத்த கந்தகம் சரக்காகவே விலைபோகிறது. வானத்துக்குப் போக வேண்டியது மூட்டைக்குப் போகிறது! நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இது நல்ல பாடம். ஆனால் மூலதனம் உள்ளவனுக்குக் கிடைத்த இந்த வழி, கடன் வாங்கி உலை மூட்டியவனுக்குக் கிடைக்கவில்லை.

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. தாஜ்மகாலின் நிறம் மங்குவதற்குத் தூசியும், குப்பை, சாணம், எரிபொருள் எரிவதால் வரும் கார்பன் துகள்களும் காரணம் என்று இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகளின் ஆய்வு 2014இல் கூறியது. ஒரு புகையை அடக்கினால் இன்னொன்று தலைகாட்டுகிறது.

இதில் எனக்கு ஒரு குறை. கல்லைத் தின்னும் அதே வாயு மூச்சுக்குழாயையும் அரிக்கும், ஆஸ்துமாக்காரரைப் பாடாய்ப்படுத்தும். கல்லின் காயம் கண்ணுக்குத் தெரிந்தது, உலகமே பேசியது. ஆலைகளின் அருகே குடியிருப்பவர் நெஞ்சுக்குள் படிவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சென்னை மணலியிலும் மும்பை செம்பூர்ப் பக்கமும் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டியே நம்மவர்கள் வாழ்கிறார்கள். அங்கே தாஜ்மகால் இல்லை. ஆனால் ஆலைக்கு முன்னும் பின்னும் காற்றை அளந்து சொல்லுங்கள் என்று கேட்க, பளிங்கு மாளிகை ஒன்று இருக்கவேண்டிய அவசியமில்லை.