திட்டுவது யார்? லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் கோபக் கதை

இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் ஒருவரை ஒருவர் திட்டாமல் ஆட்டம் முடிந்தால் அது ஆச்சரியம்தான். "வளர்ப்பு சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இதற்கென்றே பேர் வாங்கிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டைப் பார்த்தால் அது புரியும்.

2002ல் வந்த வார்கிராஃப்ட் 3 என்ற கணினி விளையாட்டில், ஆடுபவர்களே புதிய களங்களை உருவாக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. அப்படி ரசிகர்கள் உருவாக்கியதுதான் டோட்டா. பக்கத்துக்கு ஐந்து பேர்; எதிரியின் தளத்தை இடித்தால் வெற்றி. இதில் ஒரு விதி மிக முக்கியம். ஒருவரைக் கொன்றால், கொன்றவருக்குத் தங்கமும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். அதாவது சரியாக ஆடத் தெரியாதவர் தன் அணிக்கு உதவாமல் போவதோடு, எதிரியையும் வளர்த்துவிடுகிறார். அடிக்கடி சாகிறவருக்கு 'ஃபீடர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்... தீனி போடுபவர்! மற்ற விளையாட்டுகளில் செத்தால் எதிரி சிரிப்பான். இங்கே சொந்த அணிக்காரனே திட்டுவான்.

டோட்டாவை வளர்த்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபீக், பிறகு ரயட் கேம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் 2009 அக்டோபரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸை இலவசமாக வெளியிட்டது. டோட்டாவின் ஐந்துக்கு ஐந்து அமைப்பும் கூடவே வந்தது.

தரவரிசைக்கு ஆரம்பத்தில் ஈலோ முறையைப் பயன்படுத்தினார்கள். இது அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கியது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970ல் ஏற்றுக்கொண்டது. சதுரங்கத்தில் தோற்றால் பழி போட வேறு ஆள் கிடையாது. இங்கேயோ, தனியாக வருபவரை முன்பின் தெரியாத நான்கு பேரோடு சேர்த்துவிட்டு, தோல்வியை மட்டும் ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாக எழுதினார்கள். வணிகவியல் படிப்பவர்களுக்குக் கூட்டாண்மைப் பாடம் நினைவுக்கு வரும். ஒரு பங்குதாரர் வைத்த கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஆனால் அங்கே ஆளைப் பார்த்துச் சேரலாம், ஒத்துவராவிட்டால் விலகலாம். இங்கே பாதியில் வெளியேறினால் தண்டனை. தோல்வியை ஒப்புக்கொள்வதென்றாலும் அப்போது 20 நிமிடம் ஆக வேண்டும், ஐந்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் ஐந்து பேரை ஒரே அறையில் போட்டுப் பூட்டியது போல!

திட்டுக்குப் பயந்து புதியவர்கள் ஓடிவிட்டால், இலவச விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்? 2011ல் ரயட் 'டிரிபியூனல்' என்ற நீதிமன்றத்தைத் தொடங்கியது. புகார் வந்தவரின் உரையாடலை மற்ற ஆட்டக்காரர்கள் படித்துவிட்டு, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று வாக்களிப்பார்கள். பெரும்பான்மையோடு ஒத்துப்போனவர்களுக்கு ஆரம்பத்தில் விளையாட்டுப் பணமும் கிடைத்தது. (இது என்ன நீதியோ!)

அதே காலத்தில் ஜெஃப்ரி லின் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு, யார்தான் திட்டுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. எப்போதும் மோசமாக நடப்பவர்களால் வந்தது சுமார் 13 சதவீதம் மட்டுமே. மீதி 87 சதவீதம், மற்ற நாட்களில் ஒழுங்காக, சிலர் நட்பாகவும் ஆடுகிறவர்களிடமிருந்து வந்தது. கெட்டவர்களை எல்லாம் பிடித்து வெளியே தள்ளினாலும் கோபம் அப்படியேதான் இருக்கும் என்று அர்த்தம். 'வளர்ப்பு' வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

எதிரணியோடு பேசும் வசதியை அணைத்து வைத்தும் பார்த்தார்கள். தடை ஒன்றும் இல்லை. வேண்டும் என்பவர் அமைப்புகளில் போய்த் திறந்துகொள்ளலாம். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். கெட்ட பேச்சு மட்டும் ஏறக்குறைய 33 சதவீதம் குறைந்தது.

தண்டனையும் நடந்துகொண்டுதான் இருந்தது. 2012 டிசம்பரில் டிக்னிடாஸ் அணியின் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு, தொடர்ந்து திட்டியதற்காக ஓராண்டுத் தடை விதித்தார்கள். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்கு ஓராண்டு என்பது சாதாரணமல்ல. தடை முடிந்து 2014ல் அவர் வேறு அணிக்காக மீண்டும் ஆட வந்தார். டிரிபியூனலை மூடியதும் அதே 2014ல்தான்.